குழம்புக்கா, வறுக்கவா?

மீன் கடையில் ஒரு மீனைக் கையில் எடுத்துப் பார்த்ததுமே விற்கிற அக்கா கேட்பது இதைத்தான்: "கொழம்புக்கா, வறுக்கவா?" சென்னைக்கு வந்த புதிதில், துண்டு போடும் கனத்துக்காகக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். வறுவலுக்கு மெல்லிசாக, குழம்புக்குக் கொஞ்சம் தடிமனாக. ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தாட்கள் வருகிறார்கள் என்று வஞ்சிரத்தைக் காட்டி, "குழம்புக்கு" என்றேன். அக்கா எடுத்த கத்தியைக் கீழே வைத்தார். "கொழம்புக்கு எதுக்கும்மா வஞ்சிரம்? சங்கரா எடுத்துக்கோ. காசும் கம்மி, சாறும் எறங்கும்." விலை கூடிய மீனை விற்றிருக்கலாம், விலை குறைந்ததை எடுத்துக் கொடுத்தார். தலையும் நடுமுள்ளுமாகப் போட்டுக் கொதிக்க வைத்த அந்தச் சங்கராக் குழம்பு, அதுவரை நான் வைத்த எல்லாக் குழம்பையும்விட நன்றாக வந்தது.

மீன் சமையலில் முக்கால்வாசி அந்தக் கேள்வியிலேயே அடங்கிவிடுகிறது. ஒவ்வொரு மீனுக்கும் தோதான சமையல் ஒன்று உண்டு. அது தெரிந்துவிட்டால் மசாலாப் பட்டியல் தானாகச் சுருங்கிவிடும். கடலில் பிடித்த மீன் நல்லதாக அமைந்தால் உப்பு, மஞ்சள், மிளகாய், ஏதாவது ஒரு புளிப்பு, கொஞ்சம் எண்ணெய் அல்லது தேங்காய் போதும். அதனால் என்ன சமைப்பது என்று முடிவு செய்துகொண்டு கடைக்குப் போகாமல், மீனைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

முதலில், எது கடலில் பிடித்த மீன், எது வளர்ப்பு மீன் என்று தெரிய வேண்டும். நம் கடைகளில் கிடைக்கும் கட்லா, ரோகு, ஜிலேபி என்று அழைக்கப்படும் திலேப்பியா, முள்ளில்லாத வெள்ளைத் துண்டாக வரும் பாசா, வனாமி இறால் எல்லாம் பெரும்பாலும் குளத்திலும் பண்ணையிலும் வளர்ந்தவை. கொடுவா இரண்டு விதமாகவும் வரும். கேட்டு வாங்க வேண்டும். மத்தி, நெத்திலி, காணாங்கெளுத்தி, சங்கரா, கிழங்கான், காரப்பொடி, வாளை, பாறை, சீலா, வஞ்சிரம் ஆகியவை கடலில் பிடித்தவை என்று நம்பி வாங்கலாம். வளர்ப்பு மீனைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; கடலோரம் இல்லாத ஊர்களுக்கு அதுதான் மீன். ஆனால் சமைக்கும்போது இரண்டும் வேறு. குளத்து மீனில் சில சமயம் வரும் மண் வாடையை மறைக்க மசாலா கூடுதலாகத் தேவைப்படும். கடல் மீனில் மறைக்க வேண்டியது எதுவும் இல்லை.

பெயர்க் குழப்பம் ஒன்று உண்டு. தமிழ்நாட்டுக் கடற்கரையின் நீளம் 1,076 கிலோமீட்டர் என்று சொல்வார்கள். அதற்குள் ஒரே மீனுக்குப் பல பெயர். என் அம்மா ஊர் குளச்சலுக்குப் பக்கம். அங்கே மத்தி என்றால் சாளை, காணாங்கெளுத்தி என்றால் அயிலை, நெத்திலி என்றால் நெத்தோலி, காரப்பொடி என்றால் காரல், வஞ்சிரம் என்றால் நெய்மீன். சென்னையில் சீலா என்று கேட்டால் நீளமான, கூர்மூக்கு வைத்த மீனை எடுத்துக் காட்டுவார்கள். தூத்துக்குடியில் சீலா என்று கேட்டால் வஞ்சிரம் வரும். சென்னைக்காரர் சொல்லும் சீலாவுக்கு அங்கே ஊளி என்று பெயர். ஆகவே சமையல் குறிப்பில் படித்த பெயரை மட்டும் நம்பாமல் மீனின் முகத்தைப் பழகிக்கொள்வது நல்லது.

வாங்கும்போது முழு மீனாகப் பார்த்து வாங்குங்கள். துண்டு போட்டு அடுக்கி வைத்த மீனில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது. விரலால் சதையை அழுத்தினால் பள்ளம் விழாமல் எழும்ப வேண்டும். வயிறு கெட்டியாக இருக்க வேண்டும். மத்தி, நெத்திலி போன்றவற்றில் முதலில் உடைவது வயிறுதான். கண் குழிந்திருக்கக் கூடாது. செவுளைத் தூக்கிப் பார்த்துச் சிவப்பாக இருந்தால் நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் நிறத்தோடு நிற்காமல் முகர்ந்தும் பாருங்கள். புது மீனின் செவுளில் கடற்பாசி வாடை, ஈர மணல் வாடை அடிக்கும். பழசானால் புளித்த, நாற்றமடிக்கும் வாடை. மருந்து நெடி அடித்தால், ஈயே மொய்க்காமல் இருந்தால், விறைப்பாக ரப்பர் போல் இருந்தால் வாங்காமல் வந்துவிடுங்கள். மீன் கெடாமலிருக்க ஃபார்மலின் கலக்கும் பிரச்சினை 2018இல் பெரிதாகப் பேசப்பட்டதே, அப்போது கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் வீட்டிலேயே சோதித்துப் பார்க்கும் காகிதப் பட்டையை உருவாக்கியிருந்தது. ஆனால் எப்போதும் ஒரே அக்காவிடம் வாங்குவதுபோல் நம்பிக்கை தரும் சோதனை வேறில்லை என்பது என் அனுபவம். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் நம் முகத்தைப் பார்க்க வேண்டியவர் கெட்ட மீனைத் தர மாட்டார்.

இன்னொன்றையும் அவரிடம் கேளுங்கள்: இது எந்தப் படகு மீன்? பெரிய விசைப்படகுகள் பல நாள் கடலில் தங்கித் தொழில் செய்கின்றன. அந்த மீன் கரைக்கு வரும்போதே பனிக்கட்டியில் ஒரு வாரத்துக்கு மேல் இருந்திருக்கலாம். நன்றாகப் பராமரித்திருந்தால் அதில் தவறில்லை. ஆனால் அது நேற்றைய மீன் இல்லை. நாட்டுப்படகும் ஃபைபர் படகும் பெரும்பாலும் இரவில் போய்க் காலையில் திரும்புகின்றன. அவற்றில் வரும் நெத்திலி, மத்தி, கிழங்கான், காரப்பொடி எல்லாம் சில மணி நேரத்துக்கு முன்புவரை நீந்திக்கொண்டிருந்தவை. விலை குறைந்த பொடி மீன்தான் கடையில் இருப்பதிலேயே புதிய மீனாக அநேக நாட்களில் அமைகிறது. பெரிய மீன்தான் உயர்ந்தது என்ற எண்ணத்தை விட்ட அன்றுதான் என் வீட்டு மீன் சமையல் உருப்பட்டது.

மீன்பிடித் தடைக்காலத்தில் இது இன்னும் நன்றாகப் புரியும். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. 2017க்கு முன்பு இது 45 நாட்களாக இருந்தது. கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரைக்குத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இந்த நாட்களில் பெரிய மீன் விலை ஏறும். வெளியூர்ச் சரக்கும் குளிர்கிடங்குச் சரக்கும் கூடும். ஆனால் நாட்டுப்படகுகளுக்குத் தடை இல்லை. ஆகவே சித்திரை, வைகாசியில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவர்கள் வஞ்சிரத்தைத் தேடாமல் பொடி மீனை வாங்குவது காசுக்கும் நல்லது, ருசிக்கும் நல்லது.

வாங்கிய மீனை வீட்டுக்குக் கொண்டுவரும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும். சில வருடங்களுக்கு முன்பு காணாங்கெளுத்தி வாங்கி, வண்டியில் வைத்துவிட்டு, வேறு இரண்டு வேலைகளை முடித்து, மதிய வெயிலில் வீடு சேர்ந்தேன். மீன் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நாற்றமில்லை. குழம்பு வைத்துச் சாப்பிட்ட அரை மணியில் எனக்கு முகம் சிவந்து, உடம்பெல்லாம் தடித்து, தலை வெடிப்பதுபோல் வலித்தது. மீன் அலர்ஜி என்று நினைத்துப் பயந்தோம். அது அலர்ஜி இல்லை என்று பிறகு மருத்துவர் விளக்கினார். காணாங்கெளுத்தி, சூரை, மத்தி, வஞ்சிரம் போன்ற மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் அதிகம். மீன் சூடான இடத்தில் கிடந்தால் பாக்டீரியாக்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடுகின்றன. அப்படி உருவாகிவிட்ட ஹிஸ்டமினை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அழிக்க முடியாது. மீன் கெட்டுப்போன வாடையும் வர வேண்டிய அவசியமில்லை. தடுக்க ஒரே வழி குளிர்ச்சி. அன்றிலிருந்து மீன் வாங்கப் போகும்போது மூடி போட்ட தெர்மாகோல் பெட்டி வண்டியில் இருக்கும். கடையிலேயே இரண்டு கை பனிக்கட்டி கேட்டு வாங்கி மீனின் மேலும் கீழும் போட்டுக்கொள்வேன். மீன் வாங்குவதை எல்லா வேலைகளுக்கும் கடைசியாக வைத்துக்கொள்வேன்.

சுத்தம் செய்வதில் மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். ஒன்று, செவுள்; குழம்புக்குத் தலை போடுவதானால் செவுளை முழுக்கப் பிடுங்கிவிட வேண்டும். இரண்டு, வயிற்றுக்குள் ஒட்டியிருக்கும் கறுப்புத் தோல். கசப்பும் வாடையும் அதில்தான் இருக்கின்றன. விரலால் தேய்த்தால் உரிந்துவரும். மூன்று, நடுமுள்ளை ஒட்டி உறைந்து நிற்கும் இரத்தக் கோடு. நகத்தால் கீறி, ஓடும் தண்ணீரில் காட்டினால் போய்விடும். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டு ஒரு பிரட்டு பிரட்டிக் கழுவினால் வழுவழுப்பு போகும். ஏழெட்டுத் தண்ணீர் கழுவுவது சில வீடுகளில் வழக்கம். அவ்வளவு வேண்டாம், மூன்று போதும். துண்டு போட்ட பிறகு நெடுநேரம் தண்ணீரில் ஊறினால் ருசியெல்லாம் கழுவிய தண்ணீரோடு போய்விடும்.

நெத்திலி சுத்தம் செய்யப் பலர் பயப்படுகிறார்கள். கத்தியே வேண்டாம். மீனை இடது கையில் படுக்க வைத்து, வலது கைப் பெருவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தலைக்குப் பின்னால் கிள்ள வேண்டும். கிள்ளிய வேகத்திலேயே தலையை வயிற்றுப் பக்கமாகக் கீழ்நோக்கி இழுத்தால் குடலும் நூல்போல் கூடவே வந்துவிடும். புது நெத்திலியில் இது ஒரே இழுப்பில் நடக்கும். பழசானால் தலை தனியாக, குடல் தனியாக, வயிறு தனியாகப் பிய்யும். அரைக் கிலோ நெத்திலிக்கு இருபது நிமிடம் ஆகும். அம்மா முற்றத்தில் பலகை போட்டு உட்கார்ந்து, எதிரே ஒரு பூனை காத்திருக்க, பேசிக்கொண்டே கை பார்க்காமல் கிள்ளிப் போடுவார். ஒரு தலைக்கும் அடுத்த தலைக்கும் இடையில் மூச்சு விடும் நேரம்தான்.

இப்போது அடுப்புக்கு வருவோம். ஆட்டுக்கறிக்கும் மீனுக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம். தரையில் நிற்கிற ஆடு தன் எடையைத் தானே தாங்க வேண்டும். அதனால் அதன் சதையில் இணைப்புத் திசு அதிகம், வேக நேரம் பிடிக்கும். மீனைத் தண்ணீர் தாங்குகிறது. அதன் சதையில் அந்தத் திசு மிகக் குறைவு. இருப்பதும் சீக்கிரம் கரைந்துவிடும். 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதே மீன் வெந்துவிடுகிறது. அதற்கு மேல் கொதிக்க விடும் ஒவ்வொரு நிமிடமும் சதையிலிருந்து சாற்றைப் பிழிந்து வெளியேற்றுகிறது. மீன் குழம்பில் மீன் உதிர்ந்துபோவதும், வறுவல் சக்கையாக இருப்பதும் இதனால்தான். துண்டின் நடுவில் கண்ணாடி போல இருந்த சதை பால் நிறத்துக்கு மாறி, மடல் மடலாகப் பிரியத் தொடங்கினால் வெந்துவிட்டது என்று அர்த்தம்.

வாடைக்கும் காரணம் உண்டு. கடல் நீரின் உப்பைச் சமாளிக்கக் கடல் மீன்கள் தங்கள் சதையில் ஒரு வேதிப்பொருளை வைத்திருக்கின்றன. மீன் செத்த பிறகு பாக்டீரியா அதை உடைத்து டிரைமெத்திலமைன் என்ற பொருளாக மாற்றும். மீன் நாற்றம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதுதான். அது காரத்தன்மை கொண்டது. புளிப்பு பட்டதும் ஆவியாக முடியாத உப்பாக மாறி அடங்கிவிடும். புளி, மாங்காய், தக்காளி, எலுமிச்சை, குடம்புளி என்று கடற்கரையெங்கும் மீனோடு ஏதோ ஒரு புளிப்பு கூட வருவதன் வேதியியல் இவ்வளவுதான்.

நான் வீட்டில் திரும்பத் திரும்பச் செய்வது நான்கு வகை. முதலாவது, எனக்கு மிகவும் பிடித்தது, நெத்தோலி அவியல். சுத்தம் செய்த நெத்திலி அரைக் கிலோ என்றால், அரை மூடித் தேங்காய், நான்கைந்து பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் எட்டு, அரைத் தேக்கரண்டி சீரகம், கொஞ்சம் மஞ்சள்தூள் எடுத்து, தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக அரைத்துக்கொள்ளுங்கள். அம்மியில் நசுக்கினால் சரியான பதம் வரும். மிக்சியில் என்றால் விட்டு விட்டு இரண்டு சுற்று. நைசாக அரைத்துவிட்டால் அது குழம்பாகிவிடும். புளிப்பான மாங்காய் பாதியை விரல் நீளத்துக்கு நறுக்கிக்கொள்ளுங்கள். மாங்காய் கிடைக்காத மாதத்தில் கொஞ்சம் புளித் தண்ணீர். மண்சட்டியில் மாங்காயையும் அரைத்த தேங்காயையும் உப்பையும் போட்டு, கால் டம்ளர் தண்ணீர் தெளித்து, ஒரு கொதி வந்ததும் மீனைப் போட்டு மூடுங்கள். தீ குறைவாக இருக்கட்டும். கரண்டி போடவே கூடாது. இடையில் ஒரு முறை சட்டியைத் துணியால் இரண்டு பக்கமும் பிடித்து, தூக்கி, வட்டமாக ஒரு குலுக்கு. ஆறேழு நிமிடத்தில் மீன் விட்ட தண்ணீர் வற்றி, தேங்காய் மீனோடு ஒட்டிக்கொள்ளும். கறிவேப்பிலையைக் கையால் கசக்கிப் போட்டு, பச்சைத் தேங்காய் எண்ணெய் ஒரு கரண்டி சுற்றி ஊற்றி, மூடி, அடுப்பை அணைத்துவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறக்கும்போது வரும் வாசனைக்காகவே இதைச் செய்யலாம். தாளிப்பு வேண்டாம். மரவள்ளிக்கிழங்கு அவித்துச் சேர்த்துச் சாப்பிட்டால் வேறு எதுவுமே வேண்டாம்.

இரண்டாவது, மத்திக் குழம்பு. மத்தி நெய் வைத்த மீன்; மேற்குக் கரையில் தென்மேற்குப் பருவமழை முடிந்த மாதங்களில் அந்த நெய் கூடுதலாக இருக்கும். நெய்யுள்ள மீனுக்குப் புளியும் காரமும் தூக்கலாக இருக்க வேண்டும். தேங்காய்ப்பால் போன்ற கொழுப்பு அவசியமில்லை. அரைக் கிலோ மீனுக்குப் பெரிய எலுமிச்சை அளவு புளி, இரண்டு டம்ளர் தண்ணீரில் கரைத்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணெய் தாராளமாக மூன்று மேசைக்கரண்டி. வெந்தயம் கால் தேக்கரண்டி, அது சிவக்கும் முன் சின்ன வெங்காயம் ஒரு கை, பூண்டு எட்டுப் பல், கறிவேப்பிலை. வதங்கியதும் ஒரு தக்காளி. அது குழைந்ததும் மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று, மஞ்சள்தூள் அரை. தூள் எண்ணெயில் கருகாமல் ஒரு பிரட்டு பிரட்டியதும் புளிக் கரைசலும் உப்பும்.

பலர் தவறுவது இங்கேதான். புளித் தண்ணீர் ஊற்றிய கையோடு மீனையும் போட்டுவிடுகிறார்கள். புளியின் பச்சை வாடை போகப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேண்டும். மத்திக்கு ஐந்தாறு நிமிடம் போதும். இரண்டையும் ஒன்றாக வேக வைத்தால் ஒன்று புளி பச்சையாக இருக்கும், அல்லது மீன் கரைந்திருக்கும். குழம்பை முதலில் தனியாக முடியுங்கள். கொதி அடங்கிக் கெட்டியாகி, ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அப்போது கரண்டியில் ஒரு சொட்டு எடுத்து நாக்கில் வையுங்கள். அந்த நேரத்தில் குழம்பு, உங்கள் ருசிக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு பங்கு உறைப்பாகவும் புளிப்பாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் மீன் தன் சாற்றை விட்டு அதை இளக்கும். தீயைக் குறைத்து, மீனை ஒவ்வொன்றாக இறக்கி, மூடாமல் ஐந்தாறு நிமிடம். அடுப்பை அணைத்து அரை மணி நேரமாவது விட்டுவிடுங்கள். காலையில் வைத்த குழம்பு மாலையில் ருசிப்பது மனப்பிரமை இல்லை. புளியும் காரமும் உப்பும் சதைக்குள் இறங்க நேரம் எடுக்கிறது. முள்ளிலிருந்தும் தோலிலிருந்தும் இறங்கிய பசைச்சத்து ஆறும்போது குழம்பைக் கெட்டியாக்குகிறது. மண்சட்டி சூட்டை மெதுவாக விடுவதால் அந்த வேலை அதில் நன்றாக நடக்கிறது. இதே குழம்பில் காணாங்கெளுத்தியும் போடலாம். சங்கரா போட்டால் புளியைப் பாதியாகக் குறைத்து, கடைசியில் கொஞ்சம் தேங்காய் அரைத்து ஊற்றுங்கள்.

மூன்றாவதான வறுவலைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ஆனால் இரண்டு தவறுகளைச் சொல்ல வேண்டும். சோள மாவும் சிவப்புக் கலர் பொடியும் கடல் மீனுக்கு வேண்டவே வேண்டாம். மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் குழைத்துத் தடவினால் போதும். இரண்டாவது தவறு, இரவே தடவி வைப்பது. எலுமிச்சைச் சாறு தீ இல்லாமலே சதையை வேக வைக்கும்; மணிக்கணக்கில் ஊறிய மீன் கல்லில் போடும்போது மாவு மாவாக உதிரும். இருபது நிமிடம் போதும். மீனைத் தடவுவதற்கு முன் துணியால் ஒற்றி ஈரத்தை எடுத்துவிடுங்கள். முழு மீனானால் இரண்டு பக்கமும் முள் தட்டும் வரை மூன்று கீறல் போடுங்கள். இரும்புத் தோசைக்கல்லை நன்றாகக் காய விட்டு, எண்ணெய் ஊற்றி, கறிவேப்பிலை ஒரு ஆர்க்கு பரப்பி, அதன்மேல் மீன். மீன் கல்லில் ஒட்டுகிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒட்டும்போது திருப்பாதீர்கள். ஈரமும் குறைந்த சூடும் சேர்ந்தால்தான் சதை இரும்பைப் பிடித்துக்கொள்ளும். அடிப்பக்கம் மொறுமொறுப்பாகத் தோல் கட்டியதும் அதுவே விட்டுவிடும். விரல் தடிமனுள்ள துண்டுக்கு ஒரு பக்கம் நான்கு நிமிடம், மறு பக்கம் மூன்று நிமிடம். ஒரே ஒரு முறைதான் திருப்ப வேண்டும். வஞ்சிரம், சீலா, கிழங்கான், வாளை, சின்னச் சங்கரா எல்லாமே இதற்கு நன்றாக வரும்.

நான்காவது, உடம்பு சரியில்லாத நாளுக்கும் மழை நாளுக்கும் காரப்பொடிச் சாறு. பத்துப் பதினைந்து காரப்பொடி, செவுளும் குடலும் எடுத்துக் கழுவியது. மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி, பூண்டு ஐந்து பல், சேர்த்து நசுக்கியது. நெல்லிக்காய் அளவு புளியை மூன்று டம்ளர் தண்ணீரில் கரைத்து, மஞ்சளும் உப்பும் போட்டு, ஐந்து நிமிடம் கொதித்ததும் நசுக்கியதையும் மீனையும் போடுங்கள். நுரை கட்டி ஒரு கொதி. கறிவேப்பிலை, கொத்தமல்லி. இறக்கிவிட வேண்டியதுதான். எங்கள் பக்கம் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முதலில் கொடுக்கும் மீன் இந்தக் காரல்தான். சோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், டம்ளரில் ஊற்றியும் குடிக்கலாம். முள் நிறைய என்பதால் குழந்தைகளுக்கு வடிகட்டிக் கொடுங்கள்.

கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் பொடி மீன் பக்கம் சாய்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மற்ற மீன்களைத் தின்று நெடுநாள் வாழும் சுறா, பெரிய வஞ்சிரம் போன்றவற்றின் உடம்பில் பாதரசம் சேர்கிறது. மத்தி, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் அது மிகக் குறைவு. நல்ல கொழுப்பான ஒமேகா-3 மத்தியில் நிறைய. நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது.

அன்றைக்கே சமைக்க முடியாத மீனைக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் இரண்டு மூன்று நாள் போட்டு வைக்காதீர்கள். சுத்தம் செய்து, மசாலா தடவாமல், ஒரு வேளைக்குத் தேவையான அளவாகப் பிரித்து டப்பாவில் போட்டு, மீன் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். காற்றுப் படாமல் பனிக்குள் இருப்பதால் மீன் காய்ந்து நார்போல் ஆகாது. உப்புத் தடவி வைத்தால் சதை தண்ணீர் விட்டுவிடும். எடுக்கும்போது முந்தைய இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அவசரத்துக்குச் சுடுதண்ணீரில் போட்டால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே கல்லாக இருக்கும்.

மீந்த குழம்பு மறுநாளைக்கு இன்னும் நன்றாக இருக்கும். ஆனால் சட்டியோடு சூடாக்கினால் ஒவ்வொரு முறையும் மீன் இன்னும் கொஞ்சம் வெந்து தூளாகும். குழம்பு ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மறுநாள் மீனை அலுங்காமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, குழம்பை மட்டும் ஒரு கொதி கொதிக்க விட்டு இறக்கி, அந்தச் சூட்டில் மீனைத் திரும்பப் போட்டுப் பத்து நிமிடம் மூடி வையுங்கள். மீன் சூடாகிவிடும், உடையாது. இட்லியோ பழைய சோறோ எடுத்து வைத்துக்கொள்ள அந்தப் பத்து நிமிடம் சரியாக இருக்கும். கடைசியில் சட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் குழம்பில் ஒரு கை சோற்றைப் போட்டு, சுற்றிலும் துடைத்துப் பிசைந்து உருட்டிய உருண்டை யாருக்கு என்பதில் எங்கள் வீட்டில் இன்றும் போட்டி உண்டு.